காற்றுப் பிஸ்டல் பிழைக்கும்போது: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

"அண்ணை, பிஸ்டல் பிழைச்சுப் போச்சு" என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும். நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "குண்டு டின் மாத்தினனீயோ?" பாதிப் பிரச்சினை அந்தக் கேள்வியோடேயே முடிந்துவிடும்.

பகலில் எனக்குத் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற வேலை. ஓமந்தைப் பக்கம் வயல்கிணற்றில் பம்ப் நின்றுபோனால் கூப்பிடுவார்கள். சனி, ஞாயிறு பின்னேரங்களில், பழைய நெற்களஞ்சியம் ஒன்றில் 10 மீற்றர் அளந்து கோடு போட்டுப் பழகுகிற பிள்ளைகளின் காற்றுப் பிஸ்டல்களைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் நாலு. மூன்று, ஒரே இழுவையில் காற்றை அமுக்கிச் சுடுகிறவை. ஒன்று, சிலிண்டரில் அடைத்த காற்றில் சுடுவது. எல்லாவற்றுக்கும் 4.5 மில்லிமீற்றர் குண்டு. வன்னியில் இதற்கென்று ஒரு திருத்துனர் கிடையாது. கொழும்புக்கு அனுப்பினால் எப்போது திரும்பி வரும் என்பது வைரவருக்குத்தான் வெளிச்சம். அதனால் எதை நாங்களே பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பிழைத்துப் பிழைத்துப் பழகியதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்தப் பிழையானாலும் முதலில் இதைச் செய்யுங்கள். குழலை இலக்குச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள், குண்டு இல்லை என்று கண்ணால் பாருங்கள், காற்றை வெளியேற்றுங்கள், சிலிண்டர் வகை என்றால் சிலிண்டரைக் கழற்றுங்கள். பிறகுதான் திருகாணிச் சாவியைத் தொடலாம். இன்னொன்று, எங்கள் ஊருக்கான பழக்கம்: அனுமதிக் கடிதத்தின் பிரதி பெட்டிக்குள் இல்லாமல் பெட்டி வாசலைத் தாண்டாது. முற்றத்தில் வைத்து ஒருவருக்கும் எடுத்துக் காட்டுவதும் இல்லை. இங்கே இரும்பும் குழலுமாக ஒன்று கையில் தெரிந்தால் அது விளையாட்டுச் சாமான் என்று யாரும் முதலில் நினைக்கமாட்டார்கள். அதற்கு அவர்களிடம் காரணமும் இருக்கிறது.

## அறிகுறி 1: கொத்து விரிந்துபோனது

ஐந்து குண்டும் விழும் வட்டத்தைத்தான் கொத்து என்கிறேன். பிள்ளைகள் குறூப் என்பார்கள். இலக்கு அட்டையில் நேற்று ஒன்பதாம் வளையத்துக்குள் நின்றது, இன்று ஏழு, ஆறு என்று அலைகிறது என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு.

மண்மூட்டைச் சோதனை. பிஸ்டலைத் திறக்க முன் மேசையில் அரை மூட்டை மணலை வைத்து, அதன்மேல் கைகளைத் தாங்கிக் குந்தியிருந்து ஐந்து குண்டு சுடுங்கள். பிஸ்டல் மூட்டையில் படக்கூடாது, மணிக்கட்டுத்தான் பட வேண்டும். வழக்கமாக நன்றாகச் சுடுகிற ஒருவர் சுட வேண்டும். கொத்து ஒற்றை ஓட்டை மாதிரி இறுகி வந்தால் பிஸ்டலில் ஒன்றும் இல்லை. பெட்டியை மூடிவிட்டுப் பிள்ளையின் கால் வைப்பையும் விசை இழுப்பையும் பாருங்கள். பரீட்சை நேரம், காய்ச்சல், முதல்நாள் இரவு கோயில் திருவிழாவில் விழித்தது எல்லாம் அட்டையில் தெரியும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் ஒருமுறை நல்ல பிஸ்டல் ஒன்றை முழுதாகப் பிரித்தேன். பிழை பிள்ளையின் புதுச் சப்பாத்தில் இருந்தது. குதி உயர்ந்த சப்பாத்து. பிரித்ததைப் பூட்ட இரண்டு ஞாயிறு போயிற்று.

மூட்டையிலும் விரிகிறதா? கீழே உள்ள வரிசையில் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் மறுபடி ஐந்து குண்டு சுட்டு, அட்டையின் மூலையில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். எழுதாத அட்டை குப்பை.

திருகாணிகள். காசு செலவில்லாதது, அதனால் இது முதலில். பின்குறியை, அதாவது குறிபார்க்கும்போது கண்ணுக்குக் கிட்ட இருக்கிற பாகத்தை, நகத்தால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஆடினால் அதுதான் பிழை. அடுத்துக் குழல் நுனியில் இருக்கிற முன்குறி. அடுத்துக் கைப்பிடி. சோளகம் வீசுகிற மாதங்களில் மரக் கைப்பிடி காய்ந்து சுருங்கும், திருகாணி தானாகத் தளரும். மாரியில் அதே மரம் ஊதும். அதனால் வருடத்துக்கு இரண்டு முறையாவது கைப்பிடித் திருகாணியைப் பார்க்கிறேன். இறுக்கும்போது பம்ப் போல்ட்டை இறுக்குகிற கையோடு இறுக்காதீர்கள். இரண்டு விரலால், அது நிற்கிற இடம் வரைக்கும் போதும்.

குண்டு. பெரும்பாலும் விடை இங்கேதான் இருக்கும். போட்டிக் குண்டின் தலை தட்டையாக இருக்கும், அட்டையில் பேப்பர் துளைக்கிற மெசின் போட்டமாதிரி வட்டமாக ஓட்டை விழும். எடை ஏறத்தாழ அரைக் கிராம். அடிப்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து மெல்லியதாக இருக்கும். காற்று தள்ளும்போது அந்தப் பாவாடைதான் விரிந்து குழலை அடைக்கிறது. அது நசுங்கினால் ஒரு பக்கத்தால் காற்று முந்தும், குண்டு கோணலாகப் போகும்.

இனி அந்த டின் உங்களிடம் வந்த வழியை நினைத்துப் பாருங்கள். கொழும்பில் வாங்கி, இரவு பஸ்ஸில் மேலே தட்டில் போட்டு, ஆறேழு மணித்தியாலம் குலுங்கி வந்த டின். உள்ளே 500 குண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டே வந்திருக்கும். நான் செய்வது: கண்ணாடித் துண்டொன்றைச் சற்றுச் சரித்து வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிவிடுவேன். நல்லது ஒரே வளைவில் சீராக உருளும். நசுங்கியது தத்தித் தத்திப் போகும். தத்துகிறதெல்லாம் பழகுகிற டப்பாவுக்கு. டின்னின் மூடிக்குள் பஞ்சுத் துண்டொன்றை வெட்டி அமுக்கி வைத்தால் அடுத்த பயணத்தில் சேதம் குறையும்.

ஒரே கம்பனியின் ஒரே வகைக் குண்டிலும் டின்னுக்கு டின் தலையின் விட்டம் வேறுவேறாக வரும். டின்னின் பின்னால் 4.49, 4.50 என்று ஒட்டியிருப்பார்கள். உங்கள் குழலுக்கு எது பிடிக்கும் என்று உங்கள் குழல்தான் சொல்லும். இரண்டிலும் ஐந்தைந்து, மூன்று அட்டை சுட்டுப் பாருங்கள். ஒரு அட்டையை வைத்து முடிவெடுக்காதீர்கள். விலை கூடிய டின்தான் நல்லது என்றும் இல்லை. எங்களிடம் உள்ள ஒரு பிஸ்டல் மலிவுக் குண்டைத்தான் விரும்புகிறது. விலை கூடியதைப் போட்டால் முகம் சுளிக்கும்.

குண்டில் வெள்ளை மா பூத்திருந்தால் ஈயம் ஈரத்தில் பழுதாகிறது. அதைக் குழலில் போடவும் வேண்டாம், வாயில் கடித்து வைக்கவும் வேண்டாம். வாயில் வைக்கிற பழக்கம் எங்கள் பெடியளிடம் இருந்தது, நிற்பாட்டுவதற்குப் பெரும்பாடு பட்டேன். ஈயம் உடம்புக்குள் போனால் சேர்ந்துகொண்டே இருக்கும். சுட்டு முடிய சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் ஒருவரும் வடையைத் தொடக்கூடாது என்பது களஞ்சியத்தின் சட்டம்.

குழல் அழுக்கு. இரண்டு மூன்று டின் சுட்டிருந்தால் குழலுக்குள் ஈயப் பூச்சு படிந்திருக்கும். துப்புரவுக்கென்று விற்கும் பஞ்சுக் குண்டை, குண்டு இடும் பக்கத்தாலேயே போட்டு, காற்றைக் குறைந்த அளவில் வைத்தோ கம்பியால் தள்ளியோ அனுப்புங்கள். கறுப்பாக வருவது குறையும்வரைதான். உருக்குக் கம்பியை உள்ளே விடக்கூடாது. துடைத்த கையோடு சுட்டால் கொத்து இன்னும் மோசமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். பதினைந்து இருபது குண்டு போன பிறகு குழல் பழைய நிலைக்கு வரும். அதன் பிறகுதான் அட்டையைக் கணக்கில் எடுங்கள்.

குழலின் வாய். காது துடைக்கிற பஞ்சுக் குச்சியைக் குழல் வாயின் உள்விளிம்பில் சுற்றித் தேயுங்கள். ஒரு இடத்தில் பஞ்சு நூல் மாட்டினால் அங்கே விளிம்பு அடிபட்டிருக்கிறது. யாரோ கீழே போட்டிருக்கிறார்கள், சொல்லவில்லை. இதை அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய யாராவது முன்வந்தால் மரியாதையாக அனுப்பிவிடுங்கள். இங்கிருந்து திருத்துனருக்குத்தான்.

## அறிகுறி 2: கொத்து இறுக்கம்தான், ஆனால் இடம் மாறிப் போகிறது

இது கொத்து விரிவதைவிடச் சுலபமான நோய். எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள்.

இடமோ வலமோ போனால் பின்குறி ஆடுகிறது, அல்லது யாரோ திருகியிருக்கிறார்கள். ஒரு பிஸ்டலை நாலு பிள்ளைகள் பாவித்தால் இது நடக்கும். குறியின் திருகாணியைத் திருப்பும்போது 'டக்' என்று கேட்கிற ஒவ்வொரு படியும் ஒரு சொடுக்கு. ஒவ்வொருவரும் தங்கள் கண்ணுக்கு எத்தனை சொடுக்கு என்று கொப்பியில் எழுத வேண்டும். ஒரு சொடுக்கு எவ்வளவு நகர்த்துகிறது என்று தெரியாவிட்டால் மூட்டையில் வைத்து ஐந்து சுட்டு, 10 சொடுக்குத் திருப்பி மறுபடி ஐந்து சுட்டு, இரண்டு கொத்தின் நடுவுக்கும் இடையே அடிமட்டத்தால் அளந்து பத்தால் பிரியுங்கள்.

மேலோ கீழோ போய், நேரத்தைப் பொறுத்து மாறினால் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். எங்கள் களஞ்சியத்தின் பெரிய கதவு மேற்கே பார்க்கிறது. நாலரை மணிக்குப் பிறகு வெயில் நேராக உள்ளே வந்து முன்குறியின் தலையில் மின்னும். கண் அந்த மின்னலைத்தான் குறி என்று எடுக்கும். கதவைச் சாத்தி மின்குமிழைப் போட்டுவிட்டு மறுபடி ஐந்து சுடுங்கள். கொத்து பழைய இடத்துக்கு வந்தால் குறியைத் தொடாதீர்கள், ஒரு சாக்கை வாங்கிக் கதவில் தொங்கவிடுங்கள். நாங்கள் யூரியாச் சாக்கு நாலைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்டோம்.

நாளுக்கு நாள் கீழே கீழே இறங்கினால் குண்டின் வேகம் குறைகிறது. இதைக் கணக்காகவே பார்க்கலாம். காற்றுப் பிஸ்டல் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 150 மீற்றரில் போகும். 10 மீற்றர் தூரத்தில் அது தன்பாட்டில் 22 மில்லிமீற்றர் கீழே விழும். வேகம் 130 ஆகக் குறைந்தால் விழுவது 29 ஆகும். வித்தியாசம் 7 மில்லிமீற்றர். பிஸ்டல் அட்டையில் பத்தின் வட்டம் 11.5 மில்லிமீற்றர், அதற்குப் பிறகு ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீற்றர் அகலம். ஆக, வேகம் 20 குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு வளையம் போகிறது. வேகமானி வாங்க எங்களிடம் காசில்லை. மாதம் ஒருமுறை மூட்டையில் ஐந்து சுட்டு, அந்த அட்டையைச் சுவரில் தேதியோடு ஒட்டுகிறோம். அதுவே எங்கள் வேகமானி.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லும். குண்டுக்குக் குண்டு வேகம் 3 மீற்றர் கூடிக் குறைந்தால் அட்டையில் ஒரு மில்லிமீற்றர் கூடத் தெரியாது. ஆகவே "இன்றைக்குக் காத்துச் சரியில்லை, அதுதான் ஆறு விழுந்தது" என்ற கதையை நான் கேட்பதில்லை.

வேகம் குறைந்ததற்கான காரணம் அடுத்த இரண்டு பகுதிகளில்.

## அறிகுறி 3: இழுவைப் பிஸ்டலின் சத்தம் மாறியது, நெம்புகோல் இலேசாகிவிட்டது

இதுதான் என் சொந்தத் தொழிலுக்குக் கிட்டியது. இது ஒரு பம்ப், அவ்வளவுதான். காற்றை ஒரே இழுவையில் அமுக்கி அடைத்து வைக்கிறது. அடைப்பது றப்பர் வளையம். வளையம் தேய்ந்தால் காற்று போகும்.

முதலில் இழுக்கும் முறையைப் பாருங்கள். காற்றை அமுக்கினால் சூடாகும், சூடு ஆற அமுக்கமும் இறங்கும். மூடியதும் சுட்டதற்கும், மூடி வைத்துவிட்டு ஒரு நிமிடம் கதைத்துச் சுட்டதற்கும் வேகம் ஒன்றாக வராது. ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் மூட வேண்டும், ஏறத்தாழ ஒரே நேரம் கழித்துச் சுட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நெம்புகோலை முழுதாகத் திறக்கப் பலம் காணாது, முக்காலில் மூடிவிடுவார்கள். காற்றும் முக்கால்தான் இருக்கும். இதைத் திருத்த வளையம் தேவையில்லை, பக்கத்தில் நின்று ஒருமுறை பார்த்தால் போதும்.

குண்டு இடும் வாயின் வளையம். மெல்லிய ரிசு பேப்பரில் ஒரு கீற்றைக் கிழித்து, மூடிய வாயின் விளிம்பில் படுகிற மாதிரி வைத்து, குழலை இலக்குப் பக்கம் வைத்துச் சுடுங்கள். கீற்றுத் துள்ளினால் காற்று அங்கால் போகிறது. அந்தச் சின்ன வளையம்தான் அடிக்கடி தேயும். மலிவானது, வெளியில் இருப்பது. நுனி மழுங்கிய மரக்குச்சியால் கிளப்பி எடுத்துப் புதிது போடலாம். ஊசியால் குத்தி எடுத்தால் வளையம் இருக்கிற பள்ளம் கீறுப்படும், பிறகு எந்த வளையம் போட்டாலும் கசியும்.

அமுக்கும் தண்டின் வளையம். வாயில் கசிவில்லை, ஆனால் நெம்புகோலை மூடும்போது பழைய எதிர்ப்பு இல்லை என்றால் இது. முதலில் கையேட்டில் சொன்ன சிலிக்கன் கிறீஸைத் தீக்குச்சித் தலையளவு போட்டு, நாலைந்து தரம் இழுத்துச் சுட்டுப் பாருங்கள். கோடையில் காய்ந்துபோன வளையம் சில வேளை இதோடேயே உயிர்க்கும். செம்மண் புழுதி உள்ளே போயிருந்தால் உயிர்க்காது.

புது வளையம் போடுவதென்றால் என் கதையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வவுனியா பட்டினத்தில் உழவு மெசினுக்கு ஹைட்றோலிக் ஓஸ் அடிக்கிற கடையில் எல்லா அளவிலும் ஓ-றிங் இருக்கும். பழைய வளையத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரி என்று வாங்கி வந்தேன். வெளிவிட்டம் ஒன்றுதான். ஆனால் பழையது தேய்ந்து மெலிந்த வளையம், அதற்கு அளவு பார்த்ததே பிழை. புதியது நூலளவு தடிப்பு. நெம்புகோல் முக்காலில் நின்றது. பம்ப் திருத்துகிறவனுக்கு வருகிற கோபம் எனக்கும் வந்தது, ஒரு அமுக்கு அமுக்கினேன். 'சரக்' என்றொரு சத்தம். திறந்து பார்த்தால் துளையின் விளிம்பு வளையத்தை வெங்காயம் சீவினமாதிரிச் சீவியிருக்கிறது. சீவிய துண்டு காற்றுப் போகிற வழிக்குள். அதைத் தேடி எடுக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

ஆகவே அளவைப் பழைய வளையத்தில் எடுக்காதீர்கள், பிஸ்டலின் பாகப் பட்டியலில் எடுங்கள். பட்டியல் இல்லையென்றால் விற்ற இடத்தில் கேட்டு, உரிய வளையத்தையே வாங்குங்கள். கழுவ மண்ணெண்ணெயோ பெற்றோலோ வேண்டாம், றப்பர் ஊதும். பொருத்தும்போது விரல் நகம்கூட வெட்டியிருக்க வேண்டும்.

மூடியபின் காற்று கேட்கிற மாதிரிச் சீறிக்கொண்டே போனால், அல்லது வளையம் மாற்றியும் நெம்புகோல் இலேசாகவே இருந்தால், உள்ளே இருக்கிற வால்வு. அது திருத்துனருடைய வேலை. நான் பிரிப்பதில்லை.

## அறிகுறி 4: சிலிண்டரில் காற்று நிற்கவில்லை

உண்மையில் கசிகிறதா? கோடையில் மத்தியானம் நிரப்பிய 200 பார் அமுக்கம், விடியற்காலையில் மானியில் குறைந்து தெரியும். 35 பாகை வெப்பத்தில் இருந்தது 25 பாகைக்கு இறங்கினால் 6 பார் அளவு தானாகவே இறங்கும். அது கசிவல்ல. அடுத்த நாள் அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். அப்போதும் குறைந்தால்தான் கசிவு.

எங்கே கசிகிறது? சிலிண்டரைக் கழற்றித் தனியே ஒரு இரவு வையுங்கள், மற்ற இரவு பிஸ்டலில் பூட்டி வையுங்கள். எந்த இரவில் குறைகிறதோ பிழை அந்தப் பக்கம். பூட்டியபோது மட்டும் குறைந்தால் இணைப்பு வளையம், அதைக் கையேட்டின்படி மாற்றலாம். தனியே இருக்கும்போதும் குறைந்தால் சிலிண்டரின் வால்வு. அதை நீங்கள் திறக்கக்கூடாது. 200 பார் என்றால் மோட்டார் சைக்கிள் ரயரில் இருப்பதைப்போல நூறு மடங்கு.

திகதி. சிலிண்டரின் மேலேயே தயாரித்த திகதி அடித்திருக்கும். பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். முடிந்துவிட்டால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது பழைய இரும்புக்காரனுக்கு, அதுவும் காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகு. போட்டியிலும் அதோடு உள்ளே விடமாட்டார்கள்.

நிரப்புவது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரயர்க் கடைக் கொம்பிறெசர் பத்துப் பாருக்கு மேலே போகாது, அதனால் அது ஆபத்தில்லை, பயனும் இல்லை. ஆபத்து வெல்டிங் கடையில்தான். "எங்கட சிலிண்டரில நூத்தம்பது பார் கிடக்கு, கொண்டா தம்பி, ஒரு இழுவையில நிரப்பித் தாறன்" என்று நல்ல மனதோடு ஒருவர் எனக்குச் சொன்னார். அது ஒட்சிசன். எண்ணெயோ கிறீஸோ ஒரு துளி இருந்தாலும் அந்த அமுக்கத்தில் ஒட்சிசன் பற்றி வெடிக்கும், கையும் முகமும் போகும். வெறும் காற்று மட்டும், அதுவும் சுழியோடிகளுக்கு நிரப்புகிற உலர்ந்த சுத்தமான காற்று. எங்களுக்குக் கிட்டிய இடம் திருகோணமலைப் பக்கம். பெரிய சுழியோடிச் சிலிண்டர் ஒன்றை அங்கே நிரப்பி வந்து அதிலிருந்து மெல்ல மெல்லச் சின்னதுக்கு மாற்றுகிறோம். வேகமாக நிரப்பினால் சூடாகி, ஆறியதும் குறைந்து நிற்கும். சிலிண்டர் இணைப்பில் சாதாரண எண்ணெய் பூசுவதும் அதே ஆபத்துத்தான்.

பயணத்துக்குச் சொன்னால், நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கிற வானுக்குள் விட்டுவிட்டு முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைக்கப் போகாதீர்கள். கையோடு கொண்டுபோய்ப் பிள்ளையாருக்கும் காட்டிவிட்டு வாருங்கள்.

## அறிகுறி 5: விசையில் ஏதோ மாற்றம்

தொடாமலேயே சுட்டுவிட்டால், மூடும்போது சுட்டுவிட்டால்: இதற்குச் சோதனை கிடையாது. காற்றை எடுத்து, பெட்டியில் வைத்து, "பாவிக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டி, திருத்துனருக்கு. திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் சரிவரும் என்று தோன்றும். சரிவந்த மாதிரியும் இருக்கும். பிறகு பிள்ளை ஒன்றின் காலுக்குப் பக்கத்தில் ஒருநாள் மறுபடி சுடும்.

இழுக்க இலேசாகிவிட்டது என்றால் நிறுத்துப் பாருங்கள். 10 மீற்றர் பிஸ்டலுக்குப் போட்டி விதிப்படி விசை 500 கிராமைத் தாங்க வேண்டும். அதற்கு ஒரு சின்னப் போத்தலில் கம்பிக் கொக்கியைக் கட்டி, கடைத் தராசில் கொக்கி, மூடி எல்லாம் சேர்த்து 500 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். குண்டு போடாமல், காற்று ஏற்றி, குழலை நிமிர்த்தி, விசையில் கொக்கியை மாட்டி மெல்லத் தூக்க வேண்டும். போத்தல் தொங்கிக்கொண்டு நின்றால் சரி. விழுந்துவிட்டால் கையேட்டில் உள்ள எடைத் திருகாணியைக் கால் சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். 500 இல் மட்டுமட்டாக நிறுத்தாதீர்கள், பத்திருபது கிராம் கூட வையுங்கள். மாரியில் ஒரு எடையும் கோடையில் இன்னொரு எடையும் காட்டும்.

எடைத் திருகாணிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று இருக்கும். அவை விசைக்கு உள்ளே இருக்கிற கொக்கி எவ்வளவு பிடிக்கிறது என்பதை மாற்றுகிறவை. எது எது என்று கையேட்டைப் பார்த்துத் தெரியாவிட்டால் ஒன்றையும் திருகாதீர்கள்.

## அறிகுறி 6: சுட்டது, அட்டையில் ஓட்டை இல்லை

வெளியே போய்விட்டது என்று நினைத்து அடுத்ததைப் போடாதீர்கள். குண்டு குழலுக்குள் நிற்கலாம். காற்று முடியும் தறுவாயில் இருந்த சிலிண்டர், முக்காலில் மூடிய நெம்புகோல், இரண்டிலும் இது நடக்கும். காற்றை முற்றாக எடுத்துவிட்டு, குழலைவிட மெல்லிய பித்தளைக் கம்பியோ நேரான மூங்கில் குச்சியோ எடுத்து, மெல்லத் தள்ளி வெளியே எடுங்கள். அடிக்க வேண்டாம். ஒன்றுக்குப் பின்னால் இரண்டு மூன்று சிக்கி இறுகிவிட்டால் திருத்துனர்.

## அறிகுறி 7: ஈயமில்லாக் குண்டுக்கு மாறியபின் எல்லாம் பிழை

பிழை இல்லை, அது வேறு குண்டு. வெள்ளீயத்தில் செய்தது ஈயத்தின் எடையில் மூன்றில் இரண்டு அளவுதான் வரும். இலேசானபடியால் வேகமாகப் போகும், குறியைப் புதிதாக வைக்க வேண்டும். உலோகம் கடினமானதால் குழலோடு ஒட்டிப் பொருந்துவது குறைவு. சில குழலில் கொத்து இறுகவே இறுகாது. ஈயம் இரும்புத் தகட்டில் பட்டால் நசுங்கித் தட்டையாகிவிடும், இது துள்ளித் திரும்பி வரும். நேராக நிற்கிற தகட்டுக்கு முன்னால் இதைச் சுடாதீர்கள். தகட்டைக் கீழ்நோக்கிச் சரித்து, முன்னால் பழைய சாக்கைத் தொங்கவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எல்லாருக்கும், பார்க்க வந்த தாய் தகப்பனுக்கும்.

## அறிகுறி 8: ஓட்டை கிழிந்து விழுகிறது, புள்ளி எண்ண முடியவில்லை

மாரி. அட்டை ஈரம் குடித்திருக்கிறது. பிஸ்கற் டின்னுக்குள் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு அட்டைகளை வையுங்கள். டின்னில் வைத்த அட்டையும் கிழிந்தால் தட்டைத் தலைக் குண்டுக்குப் பதில் கூர்த்தலையை யாரோ வாங்கி வந்திருக்கிறார்கள்.

## கொழும்புக்கு அனுப்பும்போது

பெட்டியைத் தனியே அனுப்பாதீர்கள். மூட்டையில் வைத்துச் சுட்ட அட்டைகள் மூன்று, நீங்கள் பாவிக்கிற அதே டின்னிலிருந்து ஐம்பது குண்டு, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம், மூன்றும் சேர்ந்து போக வேண்டும். ஒருமுறை நான் "குறி தவறுது, பாருங்கோ" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டில் "பிழை ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தது. அவர் தன்னிடம் உள்ள குண்டால் சுட்டிருக்கிறார். பிழை எங்கள் டின்னில்.